எனக்கும்தான்

அக்டோபர் 27, திங்கள்

நாத்தனார் இளவரசி என்னை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டாள். 'தினம் ஒரு கேள்வி' என்று பெயர். நாற்பது பெண்கள், யாரும் யாரையும் பார்த்ததில்லையாம். காலையில் ஒரு கேள்வி வரும், அவரவர் பதில் போட வேண்டும். இன்றைய கேள்வி: டீயா, காபியா? இதில் பேச என்ன இருக்கிறது என்று பார்த்தால், சாயங்காலத்துக்குள் பெரிய சண்டையே நடந்து முடிந்திருந்தது. அரக்கோணத்தில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கும் ஷாரோன் என்பவர், 'சர்க்கரை போடாத காபி. அதுதான் காபி' என்று போட்டிருந்தார். எவ்வளவு தெளிவு. 'எனக்கும்தான்' என்று தட்டிவிட்டேன். உடனே ஒரு இதயம் வந்தது.

சர்க்கரை இல்லாத காபியை நான் நாக்கில் வைத்ததே இல்லை.

அக்டோபர் 30, வியாழன்

பிடித்த நிறம் எது? ஷாரோனுக்குச் சாம்பல். எனக்கும்தான்.

நவம்பர் 4, செவ்வாய்

விடாத மழை. தறிக்குழியில் கணுக்கால் அளவு தண்ணீர். ஈரத்தில் தறியில் பூட்டிய பாவு நூல் தொய்ந்துபோய், என் வீட்டுக்காரர் சிவராஜ் யார்மேல் என்றில்லாமல் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். நான் மக்கால் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மழை பிடிக்குமா? ஷாரோன்: 'மழைன்னா உயிர்.' ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு 'எனக்கும்தான்' என்று போட்டுவிட்டு, மறுபடி மொண்டேன்.

எதற்காக இப்படிச் செய்கிறேன்?

நவம்பர் 7, வெள்ளி

ஷாரோன் இப்போது தனியாகவும் பேசுகிறார். இன்று குரலில் அனுப்பியிருந்தார்: "நமக்கு எல்லாமே ஒத்துப்போவுது பாரு மஹாலட்சுமி. எங்க வூட்ல நான் ஒக்காருன்னா அவங்க நிக்கிறாங்க." மூன்று முறை கேட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்தவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கம். நானாகப் பிடித்த சிநேகிதி இவர் ஒருவர்தான். விட மனசில்லை.

நவம்பர் 10, திங்கள்

ஒன்றைக் கவனித்தேன். கேள்வி வந்ததும் நான் பதில் போடுவதில்லை. ஷாரோன் போடும்வரை காத்திருக்கிறேன்.

தறியில்தான் இந்தப் பழக்கம் வந்திருக்க வேண்டும். உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். உடலுக்கான நூல் ஓடும் நாடாவை என் வீட்டுக்காரர் ஓட்டுவார், பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை நான் போடுவேன். முதலில் இவர் கை, பிறகு என் கை. நான் முந்திக்கொண்டால் இழை பிசகும். இருபத்திரண்டு வருடம். போனைப் பிடித்தாலும் கை அப்படியே காத்துக்கொண்டு நிற்கிறது.

அப்படியானால் எனக்கு என்னதான் பிடிக்கும்?

நவம்பர் 13, வியாழன்

ஆராய்ச்சி. இவர் ஐயம்பேட்டைக்குப் போயிருந்த நேரத்தில் சர்க்கரை இல்லாமல் காபி போட்டுக் குடித்தேன். கஷாயம். பாதியைச் செம்பருத்திக்கு ஊற்றினேன்.

பிறகு ஒரு தாளில் பிடித்தவை என்று தலைப்புப் போட்டு உட்கார்ந்தேன். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு: தேங்காய் பன். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட். மாந்துளிர் நிறம் – சாம்பலாவது ஒன்றாவது. பிடிக்காதவை மடமடவென்று வந்தன. மழை. போனில் பேசிக்கொண்டே பேரம் பேசுகிறவர்கள். கோயில் இட்லி. ஊருக்கே பேர் வாங்கிக் கொடுத்த இட்லி, எனக்கு அந்தச் சுக்கு நெடி ஆகாது. வெளியில் சொன்னால் ஊர்க்கோடியில் இருக்கும் செவிலிமேட்டைத் தாண்டித் துரத்திவிடுவார்கள்.

இத்தனை இருக்கிறதா எனக்குள்ளே? ஆச்சரியமாக இருந்தது.

நவம்பர் 15, சனி

ஷாரோன் வருகிறாராம். அமாவாசை அன்று தறி ஓடாது, அன்றைக்கு வரச் சொல்லிவிட்டேன். "உன் கையால அந்தக் காபிய குடிக்கணும்மா" என்கிறார். உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் வராமலே போய்விட்டால்?

நவம்பர் 19, புதன்

சொல்லவில்லை. காபித்தூள் வாங்கியாயிற்று.

நவம்பர் 20, வியாழன், அமாவாசை

ஷாரோன் போட்டோவில் இருப்பதைவிடக் குள்ளம். வாய்விட்டுச் சிரிக்கிறார். வந்த பத்து நிமிடத்தில் வீட்டு ஆள் போல ஆகிவிட்டார். சர்க்கரை போடாமல் இரண்டு டம்ளர் கொண்டுவந்து வைத்தேன். நான் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்ததை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"இன்னா லட்சுமி, சக்கர போட மறந்துட்டியா? ஒனக்கு மூணு ஸ்பூன் வேணுமே." சொல்லிக்கொண்டே சர்க்கரை டப்பாவைத் தூக்கி வந்துவிட்டார். இந்த மனுஷனுக்கு இதெல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

ஷாரோன் டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு சுகர் மா. ரெண்டு வருசமா டாக்டர் சக்கரையே ஆவாதுன்னுட்டாரு. கசந்துக்கினு கெடக்குது. இதையும் ஒருத்தி ஆசையா குடிக்கிறாளேன்னு ஒன்ன நெனச்சிக்கினுதான் தெனம் குடிச்சேன்."

"நீங்க போட்டப்புறம் போட்டே பழகிட்டேன். தறியில ஒக்காந்து ஒக்காந்து..."

"நான் இன்னா தறியா மா?"

மழைகூட அப்படியா என்று கேட்டார். தலையாட்டினேன். மூன்று மணி பஸ்ஸுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்.

தப்பு எம்மேலதான். யாரு கேட்டா அந்தப் பொய்ய? 'அதுதான் காபி'ன்னு மொத நாள் அவங்க போட்டதே ஒரு தைரியத்துக்குத்தானே – அதப் போயி நான்... ச்சே.

நவம்பர் 22, சனி

குழுவில் ஷாரோன் பேசவில்லை. நேற்றும் இல்லை.

நவம்பர் 24, திங்கள்

பிடித்தவை, பிடிக்காதவை என்று அன்று எழுதிய தாளைப் போட்டோ எடுத்து ஷாரோனுக்கு அனுப்பினேன். 'இதுதான் நான். மன்னிச்சிடுங்க.' நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

நவம்பர் 27, வியாழன்

காலை ஆறு ஐம்பதுக்குக் கேள்வி: மழை நாளில் என்ன சாப்பிடப் பிடிக்கும்? யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை. நான் போட்டேன்: 'மழையே பிடிக்காது. தறிக்குழியில் தண்ணீர் ஏறும். தேங்காய் பன் இருந்தால் பொறுத்துக்கொள்வேன்.'

தறியில் உட்கார்ந்தோம். நாலு விரற்கடை நெய்திருப்போம், போன் அடித்தது. ஷாரோன்.

'தேங்காய் பன்னா? சின்ன பசங்க திங்கறது. எனக்கு சுத்தமா ஆவாது மா. மழைய பத்தி ஒரு வார்த்த பேசாத, சண்டைக்கு வருவேன்.'

சத்தமாகச் சிரித்துவிட்டேன். இவர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "யாரு?"

"ஷாரோன். எனக்குப் புடிச்சது எதுவும் அவங்களுக்குப் புடிக்கலியாம்."

"அதுக்கா சிரிச்சிக்கினு இருக்கற?"

"அப்புறம் சொல்றேன். நீங்க நாடாவப் போடுங்க" என்றேன். போட்டார்.