அரை நிமிடம் முன்னால் அடித்த மணி

இன்று காலை மலாக்காவில், காஜா பெராங் பக்கம் நடந்துபோனபோது, ஒரு வீட்டுச் சமையலறையிலிருந்து பாண்டான் இலை போட்டு அவித்த பலகாரத்தின் வாசனை வந்தது. நின்றுவிட்டேன். திங்கட்கிழமைதோறும் நீ வீட்டிலிருந்து விடுதிக்குக் கொண்டுவரும் பொட்டலத்தின் வாசனை அது. நீ போய் நான்கு மாதம் ஆகிறது. உன்னிடம் கேட்க வேண்டியது மட்டும் இன்னும் தீரவில்லை.

அந்த ஆண்டு தமிழ்ப் பேச்சுப் போட்டிக்கு நீ ஏன் பெயர் கொடுத்தாய்? நம் பயிற்சிக் கல்லூரியில் நாங்களெல்லாம் தமிழ்ப் பள்ளிக்குப் போகப்போகிற ஆசிரியைகள். நீ தையல் பிரிவு. செட்டிக் கம்பத்துப் பெண், எந்தக் காலத்திலோ தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே கலந்துபோன குடும்பம். வீட்டில் பேசுவது மலாய். விடுதிக்கு வந்த பிறகு எங்களிடம் கேட்டுக் கேட்டுப் பிடித்த தமிழ்தான் உன் தமிழ்.

"உனக்கு என்னடி வந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஒரு விஷயம் சொல்லணும். மலாய்ல சொன்னா சரியா வராது லா," என்றாய்.

என்ன விஷயம் என்று சொல்லவில்லை. தமிழ் எழுத்து தெரியாததால் பேச்சை ரூமியில், அதாவது மலாய்க்கு எழுதும் ஆங்கில எழுத்தில், எழுதிக்கொண்டு குளியலறையில் படித்துப் பழகினாய். கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டேன். தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது.

போட்டி நடந்தது, மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் பெற்ற பிறகு வந்த முதல் முன்னாள் மாணவியர் நாளில். ஊரில் நம் கல்லூரியை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. தோட்டத்துப் பள்ளிக்கு டீச்சரம்மாக்களைத் தயார்செய்யும் இடம், அவ்வளவுதான். அந்த ஒரு நாள் மட்டும் அது எங்கள் ராஜ்ஜியம். அக்காமார்கள் பஸ்ஸிலும் லாரியிலும் வந்து இறங்கினார்கள். இடுப்பில் குழந்தை, கூடையில் ரம்புத்தான். வாசலைத் தாண்டுமுன்பே கல்லூரிப் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். விடுதிக்குள் ஓடி, தாங்கள் படுத்த பழைய கட்டிலைத் தேடி உட்கார்ந்து பார்த்தார்கள்.

போட்டியில் நேரம் பார்த்து மணியடிப்பது என் வேலை. உனக்கு முன்னால் பேசிய மூவரும் அடுக்குமொழியில் வெளுத்து வாங்கினார்கள். அடுத்து நீ, சேலை கட்டிய எங்கள் நடுவே மலாய்க்காரர் போடும் கெபாயாச் சட்டை அணிந்து மேடையேறினாய். "உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்" என்பதற்குப் பதிலாக "வழங்குகிறேன்" என்றாய். பின் வரிசையில் ஒரே சிரிப்பு.

நீ கலங்கவில்லை. தாளை இறக்கிவிட்டு உன் தமிழிலேயே பேசினாய். "எங்க வீட்டுல சாமிகிட்ட மட்டும்தான் தமிழ் பேசுவோம். அர்த்தம் தெரியாது. சாமிக்குத் தெரியும். எங்களுக்கு..."

அங்கே நின்றாய். மறுபடியும் யாரோ சிரித்தார்கள். நான் மணியை அடித்துவிட்டேன்.

என் கைக்கடிகாரத்தில் இன்னும் அரை நிமிடம் இருந்தது. உனக்காக வெட்கப்பட்டேனா, உன்னால் வெட்கப்பட்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. நீ கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனாய்.

மதியச் சாப்பாட்டில்தான் வேடிக்கை. சிரித்த அக்காமார்களே உன்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். "என்னம்மா சொல்ல வந்தே? மனசுல அப்படியே நிக்குது," என்று ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "சோறு ஆறிடும், மக்கான் லா அக்கா, சாப்பிடுங்க," என்றாய். கடைசிவரை சொல்லவில்லை.

படிப்பு முடிந்ததும் நான் புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு பள்ளிக்கு வேலைக்குப் போனேன். நீ ஊருக்குள்ளேயே தையல் சொல்லிக்கொடுத்தாய். ஒவ்வொரு ஆண்டும் முன்னாள் மாணவியர் நாளில் பார்க்கும்போது நான் விடமாட்டேன்.

"'எங்களுக்கு'... அப்புறம் என்ன?"

"நீயே முடிச்சுப் பாரு."

"எங்களுக்குப் புரியாது?"

"இல்ல."

"எங்களுக்கு வெட்கமா இருக்கு?"

தோள் குலுங்கச் சிரிப்பாய். ஒரு முறை, "எங்களுக்கு அது போதும்?" என்று கேட்டேன். அதற்கு மட்டும் நீ சிரிக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உட்கார்ந்துதான் அந்த அரை நிமிடத்தைச் சொன்னேன். அத்தனை ஆண்டு தொண்டையில் வைத்திருந்தது.

"தெரியும் லா," என்றாய். "எதிர்ச் சுவர்லயும் ஒரு கடிகாரம் இருந்துச்சே."

"தெரிஞ்சும் ஏன்டி ஒரு வார்த்தை கேட்கல?"

"எனக்கு அடுத்த வரி மறந்துபோச்சு. நீ அடிச்சதால தப்பிச்சேன்."

"அந்த வரி என்ன?"

"மறந்துபோச்சுன்னு சொல்றேன், மறுபடியும் கேட்கிறே!" சிரிப்பு இருமலாக மாறியது. தாதி வந்து என்னை வெளியே போகச் சொன்னாள்.

வீடு வந்து சேரும்வரை நம்பினேன். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் சந்தேகம் வந்துவிட்டது. மறந்திருந்தால் கையிலிருந்த தாளைப் பார்த்திருக்கலாமே! நீ பார்க்கவே இல்லை. என் மனம் ஆறட்டும் என்று அப்படிச் சொன்னாயா? இல்லை, அந்த வரி தாளிலேயே எழுதப்படாமல், மேடையில் அப்போதுதான் உனக்குள் வந்துகொண்டிருந்ததா? கேட்க இனி ஆள் இல்லை.

எனக்கு ஒரு பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. எதிரில் பேசுகிறவர் பாதியில் நிறுத்தினால் நான் வாய் திறப்பதில்லை. "அம்மா, அவங்க சொல்லி முடிச்சிட்டாங்க, நீங்க ஏதாவது பேசுங்க," என்று மகள் இடிப்பாள். முடித்திருக்கலாம். ஆனாலும் அந்த முகத்தையே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.