மணி அடித்தால் பங்கர்

1991 நவம்பர் 4
காலையில் மழை, பிறகு புழுக்கம். மாதா கோவில் மண்டபத்தில் இடர்காலத் தொண்டர்களுக்கு முதல் வகுப்பு. பெரும்பாலும் பெண்கள். கொழும்பிலிருந்து வந்த கைநூலில் எரிமலைக்கும் ஓர் அதிகாரம். சாம்பல் விழுந்தால் மூக்கில் ஈரத்துணி கட்ட வேண்டுமாம். வாசித்துக் காட்டினேன்.

றெஜினா அக்கா: "எரிமலை ஒண்டுதான் எங்களுக்கு இன்னும் வரேல்லை, ரீச்சர். அதையும் படிச்சு வைப்பம்."

சிரித்துச் சிரித்து வயிறு நோ. புயல் அதிகாரத்துக்கு வர மதியமாகிவிட்டது. முடிவு: புயல் வந்தால் கோவில் மணி அடிப்பது, எல்லோரும் பள்ளிக்கூட மேல்மாடிக்கு.

சவர்க்காரம் இல்லை. நாளை சங்கக்கடை.

நவம்பர் 7
ஒத்திகை. மானக்கேடு.

மணி அடித்தோம். ஒரு சனமும் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. குண்டு போடப் பிளேன் வந்தால் அடிக்கும் மணி அல்லவா, ஊர் முழுக்கப் பங்கர்க் குழிகளுக்குள். தொண்டர்களிலும் பாதிப் பேர் உள்ளே. றெஜினா அக்கா உட்பட.

திரேசாவும்தான். தம்பியின் மனைவி, நிறைமாதம், வீடு கடலோரம். தலையணையோடு குழிக்குள் இருந்தாள். "மணி கேட்டா கால் தன்ரை பாட்டிலை போகுது, மச்சாள். நான் என்ன செய்ய?"

கடல் ஏறினால் முதலில் நிரம்புவது அந்தக் குழிதான். சோறு இறங்கவில்லை.

நவம்பர் 9
றெஜினா அக்காவின் யோசனை: பெரிய வெள்ளியன்று மணிக்குப் பதிலாகத் தட்டும் மரக்கட்டை. பாதர் தயங்கினார். "அது ஆண்டவற்றை பாடுகளுக்கு எண்டு வைச்சிருக்கிறது, பிள்ளை." பிறகு தானே பெட்டியைத் திறந்து எடுத்துத் தந்தார்.

மணி பிளேனுக்கு, கட்டை புயலுக்கு. திரும்பவும் ஒத்திகை: தெரு, ஒழுங்கை ஒன்று விடாமல் தட்டிக்கொண்டு போனோம். சிலர் சிலுவை அடையாளம் போட்டார்கள், ஆனாலும் மேல்மாடிக்கு வந்தார்கள். திரேசாவும், முனகிக்கொண்டு. நல்ல சந்தோசம். இரவு புட்டும் நண்டுக்கறியும். இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.

நவம்பர் 14
வாடைக்காற்று, ஊளை. கரண்ட் இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்டோம். புயல் கிட்ட. தம்பி வள்ளத்தை மேலே இழுக்கப் போய்விட்டான்.

கடலோர ஒழுங்கை என் பொறுப்பு. திரேசாவின் வேலிப் படலையில் நின்று தட்டினேன். பங்கர் வாசலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் தட்டிக்கொண்டே நின்றேன்.

"நடவுங்கோ மச்சாள், வாறன்."

இதைப் பள்ளிக்கூட மாடியில் எழுதுகிறேன். எல்லோரும் இருக்கிறோம், தம்பியும். செபமாலை ஒரு மூலையில், சண்டை ஒரு மூலையில்.

நவம்பர் 15
காற்று அடங்கியது. கூரைகள் போயின, வேலிகள் போயின. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. மாதாவுக்குத் தோத்திரம்.

திரேசாவின் பங்கரில் விளிம்புவரை கடல்தண்ணீர். வயிற்றில் கையை வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டிப்பிடித்தேன். இரண்டு பேரும் வாய்விட்டு அழுதோம்.

தம்பி வாளிகளோடு வந்தான். "பாத்தது போதும். வானம் வெளிச்சிட்டுது, பிளேன் வரப்போகுது. கெதியாய் இறைப்பம்."

மத்தியானம்வரை இறைத்தோம்.