போத்தலில் பயணம் போன மரு

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டு விடுகிறேன். எனக்கு மீசை முளைத்திருக்கிறது. பெரிய மீசை இல்லை, வெயிலில் நின்றால் மட்டும் தெரிகிற மீசை. மகளுக்குத்தான் பொறுக்கவில்லை. போன வாரம் என்னை மாத்தளை டவுனில் ஒரு பியூட்டி பார்லருக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே கால் வைத்ததும் மூக்கில் ஒரு மணம் ஏறியது. முன்னால் சந்தனம் மாதிரி வரும், பின்னாலேயே அழுகிய முட்டை மாதிரி ஒன்று வரும். ஒருத்தியின் கையில் முடி போக்கும் கிரீம் பூசிக்கொண்டிருந்தார்கள். அலுவிகாரைக்குக் கிட்ட நாம் இரண்டு பேரும் வேலை பார்த்த ஸ்பைஸ் கார்டனில் நீ சுற்றிப்பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் கையில் பூசிக் காட்டுவாயே, அதே மணம். நீ போய் மூன்று வருடம் ஆகப்போகிறது. அந்த நாற்றத்துக்கு என் கண் கலங்கியது என்றால் யார் நம்புவார்கள்?

பார்லர் பெண் நல்ல பிள்ளை. "மெஷின்ல வெளிச்சம் அடிச்சா முடி திரும்ப வரவே வராது ஆன்ட்டி" என்று போனில் படங்களைக் காட்டினாள். நான் என்னையறியாமல் வாயைத் திறந்துவிட்டேன். "வெளிச்சம் அடிச்சு ஒரு வருசம் ஆனவங்க யாராச்சும் இந்த டவுன்ல நடமாடுறாங்களா, புள்ள? அவங்கள நான் நேர்ல பாக்கணும். தோல் வெந்து போச்சுன்னா அப்புறம் என்ன செய்வீங்க?" காத்திருந்த இரண்டு பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். மகள் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் நூலால் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வாய் என்னுடையது, கேள்வி உன்னுடையது. அவமானத்தில் பாதி உனக்குத்தான் சேரும்.

உனக்கு அந்தப் புத்தி தோட்டத்து டிஸ்பென்சரியில் காயம் கட்டிய காலத்திலேயே வந்தது. ஸ்பைஸ் கார்டனுக்கு வந்த பிறகும் அது உன்னை விடவில்லை. மற்றவர்கள் கிரீமை எடுத்து நேரே கையில் அப்புவார்கள். நீ மட்டும் முதலில் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, "எரிஞ்சா சொல்லுங்க, கழுவிடுறேன்" என்று உன் உடைந்த இங்கிலீசில் சொல்வாய். முதலாளிக்கு எரியும்.

"நீ சாமான் விக்கிறியா, இல்ல ஆளுங்களுக்குப் பயம் காட்டுறியா?"

"கை வெந்த ஆள் கறுவாப்பட்டை வாங்க மாட்டான், முதலாளி."

நாட்டில் சண்டை நடந்த காலம். வாரக்கணக்கில் ஒரு வெள்ளைக்காரனும் வர மாட்டான். சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் உனக்கு நான், எனக்கு நீ. என் இடது கன்னத்தில் மூக்குக்குப் பக்கத்தில் இருந்த கறுப்பு மருவைப் பார்த்து நீ எனக்குக் கராம்பு என்று பேர் வைத்தாய். நான் உன்னை டிஸ்பென்சரி என்று கூப்பிட்டேன். "ஏய் கராம்பு, காய வச்சாச்சா?" என்று நீ தோட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்தினால், வந்திருக்கிற ஆட்கள் கராம்பு மரத்தைப் பார்ப்பார்கள், நான்தான் திரும்புவேன்.

நீ கூப்பிட்டால் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் கண்ணாடி முன்னால் தனியாக நிற்கும்போது சிரிப்பு வராது. அது உனக்குத் தெரிந்திருந்தது. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், பிஸ்கட்டைத் தின்றுவிட்டு என் கன்னத்தைப் பார்த்தபடி எழுந்து போயிருந்தார்கள். மூன்றாவதாகத் தரகர் நாலந்தாவில் ஒரு லொறி டிரைவரைப் பற்றிச் சொன்னார். நல்ல மனிதர், இரண்டு மூன்று மாதத்தில் வருவார்கள் என்றார். அந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் மருவை எடுத்துவிட வேண்டும் என்று எனக்குப் பைத்தியம் பிடித்தது.

அப்போதுதான் டவுனில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து உட்கார்ந்தார். மருந்து தடவி மருவை விழவைப்பாராம். கத்தி இல்லை, தையல் இல்லை, ஒரே நாளில் வேலை முடிந்துவிடுமாம். நான் கிளம்பினேன். நீயும் ஒட்டிக்கொண்டாய்.

அவர் ஆல்பத்தைத் திறந்தார். ஒரு பக்கம் மரு உள்ள முகம், மறுபக்கம் மரு இல்லாத முகம். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகப் புரட்டினாய்.

"டொக்டர், இந்த அம்மாவுக்கு மரு இந்தக் கன்னத்துல."

"ஆமாங்க."

"பின்னாடி எடுத்த படத்துல அந்தக் கன்னத்தையில்ல காட்டுறாங்க?"

அவர் எட்டிப் பார்த்தார். நீ அடுத்ததைப் புரட்டினாய், அதற்கடுத்ததையும் புரட்டினாய். "இவரும் அந்தப் பக்கம் பாக்குறாரு. இந்தப் பொண்ணும் அந்தப் பக்கம் பாக்குது. மருந்து போட்டா கழுத்துச் சுளுக்கிக்குமா டொக்டர்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் அசையவில்லை. நேரில் பார்க்க வேண்டுமென்றால் பல்லேகமவில் ஒரு அம்மா இருக்கிறார், மருந்து போட்டு ஒரு வருடம் ஆகிறது, போய்க் கேளுங்கள் என்றார். லக்கலை மலையையெல்லாம் சுற்றிக்கொண்டு யார் பல்லேகமவுக்குப் போகப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார். உன்னை அவருக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே போனோம். வளைவுக்கு வளைவு நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன். நீ முதுகைத் தடவிக்கொண்டே, "அழகாகப் போற முகத்தைப் பாரு" என்றாய். அந்தச் சிங்கள அம்மா எங்களை உட்கார வைத்து பிளேன்டீயும் கருப்பட்டித் துண்டும் தந்தார். மரு இருந்த இடத்தில் பெருவிரல் பதிந்த மாதிரி ஒரு வெள்ளைப் பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில் மரு திரும்பவும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மருந்து ஒரு சொட்டு வழிந்து கண்ணுக்கு ஓர் அங்குலம் பக்கத்தில் நின்றதாம். "ஆனால் நல்ல மனுசன், ரொம்ப அன்பாகப் பேசுவார்" என்றார்.

அவர் தன் பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டார். அவளும் அதே ஆளிடம்தான் எடுத்தாளாம். அவள் கன்னத்தில் ஒரு தழும்பும் இல்லை, பளிங்கு மாதிரி இருந்தது. நான் துள்ளினேன். "பார்த்தியாடி!"

"பார்த்தேன். நல்லா வந்தவ பக்கத்து வீட்டுல இருக்கா. அந்தாளு ஏன் நம்மள இவங்ககிட்ட அனுப்புனாரு?"

நான் அந்தப் பளிங்குக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவருக்கே தெரியாதுடி, யாருக்கு எப்படி ஆச்சுன்னு. ஒரு தடவையாவது திரும்பி வந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

 பஸ் மாத்தளைக்கு வந்து சேரும்வரை என் கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டே இருந்தேன். இறங்கும்போது நீ சொன்னாய்: "எடுக்க வேணாம்னு நான் சொல்லல. தெரிஞ்சு எடு."

அடுத்த வாரம் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப் போனாய். அங்கே இருந்த டொக்டர் ஆல்பம் எதையும் காட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. மரு வளர்கிறதா, இரத்தம் வருகிறதா என்று கேட்டார். என் கையில் சின்ன வயதில் போட்ட ஊசித் தழும்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். "இது இருந்தா உங்க உடம்புக்குக் கெடுதல் இல்ல. எடுக்கிறது உங்க விருப்பம். வெட்டித் தைச்சா ஒரு கோடு நிற்கும். சிலருக்குச் சீழ் பிடிக்கும், சிலருக்குத் தழும்பு தடிக்கும். வெட்டினதைப் பரிசோதனைக்கு அனுப்பணும். மருந்து வச்சு எரிச்சா அது என்னன்னே தெரியாமப் போயிடும்" என்றார். நான் மறுபடியும் கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டேன். உன் முகமோ மலர்ந்து போயிருந்தது.

"இவருகிட்ட முகத்தைக் கொடு" என்றாய் என் காதில். "கெட்டது என்ன நடக்கும்னு கேக்காமலே சொல்றாரு பாரு."

கொடுத்தேன். விறைக்க ஊசி போட்டார்கள், வெட்டினார்கள், நான்கு தையல் போட்டார்கள். மருவைத் தண்ணீர் மாதிரி ஒரு மருந்தில் போட்டு, சின்னப் போத்தலில் அடைத்து, கண்டிக்குக் கொண்டுபோய்ப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லி நம் கையிலேயே தந்துவிட்டார்கள்.

கண்டி ரோட்டில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். அந்த நாட்களில் அடையாள கார்டை நீட்டும்போது தமிழாட்கள் நமக்கெல்லாம் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நம் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து ஒருவரை அப்படி இறக்கிக் கொண்டுபோய், அவர் வீடு திரும்ப நாலு மாதம் ஆனது. என் முறை வந்தது. கார்டுப் படத்தில் மரு இருக்கிறது. எதிரே நிற்கிற முகத்தில் பிளாஸ்டர் இருக்கிறது. ஆமிக்காரர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் பையைத் திறந்தார். போத்தலை எடுத்து மூடியைத் திருகி முகர்ந்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

"மொகக்த மே?"

இது என்ன என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் பயத்தில் பறந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன். "என் முகம்" என்று சொன்னேன்.

அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார்.  நீ வரிசையை விட்டு விலகி வந்தாய். அவர் கையிலிருந்த போத்தலைப் பதமாக வாங்கி, மூடியை இறுக்கி மூடி, என் கன்னத்தில் பிளாஸ்டருக்குப் பக்கத்தில் பிடித்தாய். உன் சிங்களம் தண்ணீர் மாதிரி ஓடும். "சேர், கார்டில் இருக்கிற ஆள்தான். இன்றைக்கு இரண்டு துண்டாக வந்திருக்கிறாள்" என்றாய். ஆஸ்பத்திரிச் சீட்டையும் நீட்டினாய்.

அவர் கார்டைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார். முதலில் சிரித்தது இரண்டாவதாக வந்தவர்தான். அப்புறம் வரிசையே சிரித்தது. முதலாமவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கழுத்துக் கொலரை இழுத்துத் தன்னுடைய மரு ஒன்றைக் காட்டினார். நீ குனிந்து பார்த்தாய். "வளருதா? இரத்தம் வருதா?" என்று கேட்டாய். ஒரு பஸ் சனம் வெயிலில் நிற்க, நடு ரோட்டில் கிளினிக் நடத்திவிட்டு வந்தவள் நீ ஒருத்திதான். "ஆஸ்பத்திரிக்கே போங்க, மேல்மாடிக்குப் போயிடாதீங்க" என்று கடைசியாகச் சொல்லவும் மறக்கவில்லை.

பரிசோதனைத் தாள் நல்லபடியாக வந்தது. தையல் பிரித்தார்கள். ஆனாலும் நீ நல்லது என்று சொல்லவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் என்னை வெளிச்சத்தில் நிறுத்தி, தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பாய். "மூணு மாசம் போகட்டும்" என்பாய். மூன்று மாதம் போனது. கன்னத்தில் ஒரு முடி ஒட்டிய மாதிரி கோடு, அவ்வளவுதான். அன்றைக்குத்தான், "சரிடி, நல்லா இருக்க" என்றாய். கண்ணாடி முன்னால் ஒரு மணிநேரம் நின்றேன். ஏலக்காய் காயப்போட்டிருந்த பாயின் மேல் ஆடினேன். முதலாளி இரண்டு பேரையும் ஏசினார்.

ஆனால் நாலந்தாவிலிருந்து ஒருவரும் வரவில்லை. தரகரையும் காணோம். அம்மா ஒப்பாரி வைத்தார். லட்சுமி மாதிரி இருந்த மருவைக் கத்தி வைத்து எடுத்ததால் வந்த வினையாம். நீ அன்றிலிருந்து வாய் குறைந்து போனாய். இன்னும் இரண்டு மாதம் கழித்துத் தரகர் வந்தார், நாலந்தாக்காரர்களும் வந்தார்கள், கலியாணமும் நடந்தது. ஆனாலும் உன் மனதில் அது ஒரு முள்ளாகவே இருந்துவிட்டது. கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதுகூட, "என்னாலதானேடி உனக்குத் தள்ளிப்போச்சு? ஆஸ்பத்திரிக்குப் போன கதை அவங்க காதுக்கு எட்டியிருக்கும்" என்றாய். "ஆமா, ரெண்டு மாசம் கூடுதலா நிம்மதியா இருந்தேன், புண்ணியம் உனக்குத்தான்" என்றேன். நீ சிரித்தாய். ஆனால் நம்பவில்லை.

என் கன்னத்தில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. சிரித்தால் உள்ளே மடிந்து காணாமல் போகும், அதனால் பெரும்பாலும் காணாமல்தான் இருக்கிறது. மகள் முகத்துக்கு எதையாவது வாங்கிக்கொண்டு வந்தால், கெட்டது என்ன நடக்கும் என்று விற்றவன் சொன்னானா என்று கேட்கிறேன். அவள் தலையில் அடித்துக்கொள்கிறாள். ஆனால் போன மாதம் அவளே கடைக்காரரிடம் அதைக் கேட்டதை, என் காதால் கேட்டேன்.

இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. பார்லரில் நான் பண்ணிய கூத்தை மகள் தன் அப்பாவிடம் சொல்ல, பேச்சு மருவுக்குப் போய், இத்தனை வருடம் அடக்கி வைத்திருந்ததை அவர் அன்றைக்குச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக் கதை எதுவும் அவர்கள் காதுக்கு எட்டவில்லை. நீ சரி என்று சொன்ன அதே வாரம், அவரும் அவருடைய அக்காவும் ஸ்பைஸ் கார்டனுக்கு வந்திருக்கிறார்கள், வாடிக்கையாளர் மாதிரி, பெண்ணை ஒளிந்து பார்க்க. இடது கன்னத்தில் மரு உள்ள பெண் என்று தரகர் அடையாளம் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஒரு மணிநேரம் எங்கள் எல்லாருடைய கன்னத்தையும் பார்த்திருக்கிறார்கள். அப்படி ஒரு பெண் அங்கே வேலை செய்யவில்லை என்று முடிவு செய்து, தரகர் பொய் சொல்லிவிட்டார் என்று கோபித்துக்கொண்டு, கால் கிலோ மிளகு வாங்கிக்கொண்டு நாலந்தாவுக்கு பஸ் ஏறிவிட்டார்கள். அந்த மிளகை நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தது நான்.