அக்கா இன்னா சொல்றாங்க?

இன்று காலை ஈமெயில் எழுத உட்கார்ந்து பெறுநர் கட்டத்தைத் தொட்டதுமே உன் பெயர்தான் முதலில் வந்து நின்றது. பாஸ்டர் ஐயாவின் பெயர்கூட அதற்குக் கீழேதான். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. சித்தூர் கல்லறைத் தோட்டத்தில் உன் மேல் போட்ட மண் இன்னும் சரியாக இறுகவில்லை. என் கம்ப்யூட்டரில் மட்டும் உனக்குத்தான் முதலிடம். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. "இங்கேயும் நீதானா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

உன்னைப் பார்த்து எனக்குப் பொறாமை. இதற்கு வேறு நல்ல பெயர் தேடப்போவதில்லை. ஞாயிறு பள்ளிப் போட்டியில் நான் பைபிள் சங்கீதத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தேன். நீ பாதியில் மறந்துவிட்டுச் சிரித்தாய். சபையே உனக்குக் கை தட்டியது. அப்போது நமக்கு ஒன்பது வயது. அன்று ஆரம்பித்த வயிற்றெரிச்சல் இது.

வயதான பிறகு இரண்டு பேரும் ஒரே சபைக் கமிட்டிக்கு வந்தோம். ஒன்பது பேரில் நான் செயலாளர், நீ வெறும் அங்கத்தினர். அதுவும் மகள் வீட்டோடு திருப்பதிக்குப் போய்விட்ட அங்கத்தினர். மாதத்தில் ஒரு ஞாயிறு, இருட்டிலேயே முதல் பஸ்ஸைப் பிடித்து, புத்தலப்பட்டு தாண்டும்போது விடியலைப் பார்த்துக்கொண்டு, ஏழு மணித் தமிழ் ஆராதனைக்கு வந்து சேர்வாய். ஒன்பது மணித் தெலுங்கு ஆராதனைக்குச் சர்ச் நிரம்பி வழியும். நம் தமிழ் ஆராதனைக்கு முப்பது பேர் வந்தால் பெரிய விஷயம். அந்த முப்பது பேருக்காக நீ இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வருவாய்.

வாட்ஸப்பில் குட்மார்னிங் ரோஜாப் பூக்களுக்கு நடுவே சபை விஷயம் தொலைந்துபோகிறது என்றார் பாஸ்டர் ஐயா. அதனால் கூட்டம் போடத் தேவையில்லாத சின்ன விஷயங்களுக்கு ஈமெயிலில் கருத்துக் கேட்பது என்று முடிவானது. அந்த வேலையை நான் ஆசையாக வாங்கிக்கொண்டேன். முப்பது வருடம் ஹெட்மிஸ்ட்ரஸாகச் சர்க்குலர் எழுதிய கை அல்லவா? 'மதிப்பிற்குரிய அங்கத்தினர் அனைவருக்கும் ஆண்டவரின் நாமத்தில் ஸ்தோத்திரங்கள்' என்று தொடங்கி ஆறு பாரா எழுதுவேன். ஒருவரும் பதில் போட மாட்டார்கள்.

அறுப்பின் பண்டிகையை எந்த ஞாயிறு வைக்கலாம் என்று கேட்டு மூன்று நாள் காத்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? நாலாம் நாள் திருப்பதியிலிருந்து உன் பதில் எல்லோருக்கும் வந்தது. "இன்னாப்பா எல்லாரும் தூங்கிக்கினு கீறீங்களா? கேட்டுக்கினே கீறா பாவம். எனக்கு ரெண்டாவது ஞாயிறு ஓகே. சாமுவேலு, உங்க நைனாவுக்குக் கால் வீக்கம் வடிஞ்சிச்சா?" அவ்வளவுதான். என் அடுப்பில் சோறு வடிப்பதற்குள் ஏழு பேரும் பதில் போட்டுவிட்டார்கள். 'அக்கா சொன்னதே.' 'நானும் அக்கா பக்கம்.' நீ எல்லோருக்கும் அக்கா. நான் மேடம்.

அந்தப் 'பாவம்' என்ற சொல் என்னைக் குத்தியது. நான் பாவமா? கோபத்தில் அடுத்த மெயிலிலிருந்து அடியில் ஒரு வரி சேர்த்தேன். 'சனிக்கிழமை மாலைக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளப்படும்.' பாஸ்டர் ஐயாவுக்கும் அது வசதியாக இருந்தது. அதுவே சபையின் வழக்கமாகிவிட்டது.

பிறகு அந்தக் கோடை வந்தது. வெயில் முடியும் வரை ஏழு மணி ஆராதனையை நிறுத்தி, எல்லோரும் ஒன்பது மணித் தெலுங்கு ஆராதனைக்கே வரலாமா என்று பாஸ்டர் ஐயா கேட்டார். அவருக்கு உடம்பு சரியில்லாத நேரம், இரண்டு ஆராதனை நடத்த முடியவில்லை. கருத்துக் கேட்டு எழுதச் சொன்னார். எழுதினேன். எனக்கும் அதில் சம்மதம் இல்லை. எல்லோரும் வேண்டாம் என்பார்கள், அந்த வேண்டாம் என் மெயிலுக்கு வந்த பதிலாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒரே ஒரு தடவை, நீ இல்லாமல், எனக்கு.

அதனால் பெறுநர் கட்டத்திலிருந்து உன் பெயரை எடுத்தேன். கை தவறி அல்ல. தெரிந்தே எடுத்தேன்.

புதன், வியாழன், வெள்ளி. ஒரு பதிலும் இல்லை. சனிக்கிழமை மாலையும் போனது. நானே எழுதிய வரிப்படி எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். பாஸ்டர் ஐயா நன்றி சொன்னார், நான் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கரண்ட் ஆபீஸ் சாமுவேலிடம், "ஏன்ப்பா பதில் போடல?" என்று பிறகு கேட்டேன். "அக்கா இன்னா சொல்றாங்கன்னு பாத்துக்கினே இருந்தேன் மேடம். அவங்க மெயிலே வரல. அக்காவே ஒண்ணும் சொல்லல, பர்வாலேதுன்னு உட்டுட்டேன்" என்றான். ஏழு பேரும் அப்படியே உன் பதிலுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு எட்டரைக்கு நான் வந்தபோது பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் நீ உட்கார்ந்திருந்தாய். மடியில் கர்ச்சீப்பில் சுற்றிய பாட்டுப் புத்தகம். ஏழு மணிக்கு முன்பே வந்திருக்கிறாய்.

"இன்னாடி, இன்னும் மணியே அடிக்கல?" என்றாய்.

விஷயத்தைச் சொன்னேன். "மெயில் போட்டேனே, நீ பாக்கலையா? ஸ்பேம்ல போயிருக்கும்" என்றும் சொன்னேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்!

நீ என்னைத் திட்டியிருக்கலாம். "அப்படித்தான் இருக்கும். பேத்தி கையில செல்லக் குடுத்துட்டு நான் பாட்டுக்குக் கீறேன். என் தப்புதான்டி" என்றாய். கதவு திறந்ததும் உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தெலுங்குப் பாட்டுக்கு வாயசைத்தாய். மடியிலிருந்த புத்தகத்தைப் பிரிக்கவில்லை.

வெயில் போய் மழை வந்தது, மழையும் போனது. ஏழு மணி மட்டும் திரும்பி வரவில்லை. மறுபடி கருத்துக் கேட்டால் பழைய மெயிலை யாராவது தோண்டுவார்கள், உன் பெயர் இல்லாதது தெரிந்துவிடும் என்று பயந்து நான் வாயே திறக்கவில்லை. நீயோ அதன் பிறகு தினமும் ஸ்பேமைத் திறந்து பார்த்தாய். போனில் என்னிடம் சிரிப்பாய்: "யார் யாரோ எனக்குக் கார் பரிசு விழுந்துக்கீதுன்னு எழுதுறான்டி. உன் மெயில் மட்டும் விழ மாட்டேங்குது." நானும் சேர்ந்து சிரித்தேன்.

போன வாரம் உன் மகள் வந்தாள். அதே கர்ச்சீப், அதே புத்தகம். "ஆன்ட்டி, தமிழ் ஆராதன திரும்ப ஆரம்பிச்சா இத சர்ச்லயே வெக்கச் சொன்னாங்க அம்மா" என்றாள். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு நீ அதைத்தான் நினைத்திருக்கிறாய்.

அதற்காகத்தான் இன்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். ஸ்தோத்திரமும் இல்லை, ஆறு பாராவும் இல்லை. 'ஏழு மணித் தமிழ் ஆராதனையை மறுபடி ஆரம்பிக்கலாமா? பதில் போடாதவர்கள் பதில் போடவில்லை என்றுதான் அர்த்தம், சம்மதம் என்று அல்ல. சாமுவேல், உங்கள் நைனா எப்படி இருக்கிறார்?' கடைசி வரி உன்னிடம் திருடியது.

மத்தியானத்துக்குள் ஏழு பதிலும் வந்துவிட்டன. 'அக்காவுக்காக, சரி.' 'அக்கா இருந்தா சந்தோஷப்படுவாங்க.' பாஸ்டர் ஐயாகூட, 'அக்காவின் விருப்பம் அதுதானே' என்று எழுதியிருக்கிறார். ஒருவர்கூட என் பெயரைச் சொல்லவில்லை. மண்ணுக்குள் போயும் முதல் பதில் உன்னுடையதுதான். உன்னைப் பார்த்துப் பொறாமைப்படுவதை நான் இன்னும் விட்டபாடில்லை, என்னோடுதான் அது போகும்போல.

அந்த மெயிலை உனக்கும் அனுப்பியிருக்கிறேன். உன் பெயரைத்தான் முதலில் போட்டேன். திரும்பி வரவில்லை, எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கிறது. பழக்க தோஷத்தில் ஸ்பேமில் போய்த் தேடாதே. அன்றைக்கும் அது அங்கே இல்லையடி.