மயில்கழுத்து நிறத்தில் ஒரு சட்டை

நவம்பர் 9

இல்லை, தோல். இலை அதற்கு முன்பு. அதை அந்த முதல் ஆணும் பெண்ணும் தாங்களே அவசரத்தில் தைத்துக்கொண்டார்கள். தோட்டத்தைவிட்டு வெளியேற்றும்போதுதான் கடவுள் அந்த இரண்டு பேருக்கும் தோலில் உடை செய்து தருகிறார். தானே உடுத்தியும் விடுகிறார். எபிரேய மறைநூலில் நான் படித்தவரை கடவுள் ஒரு மனிதனுக்குத் தைத்துக் கொடுத்த உடை அது ஒன்றுதான். தண்டனை கொடுத்தாயிற்று. போகிற வழியில் குளிருமே என்றும் நினைக்கிறார்.

மறைநூலில் வரும் உடைகளைப் பற்றிய ஆய்வேட்டை இங்கிருந்து தொடங்கலாமா? மதியம்வரை பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தேன். மூன்று வரி எழுதினேன். ஒன்றை அடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அண்ணன் போய் இரண்டு மாதம் ஆகிறது. பரவை மார்க்கெட்டில் காய் ஏற்றிக்கொண்டு விடிவதற்கு முன்பே கிளம்பினான். வண்டி திண்டுக்கல் சாலையோரத்தில் பூட்டியபடி நின்றது. அவன் இல்லை. கல்யாணத்துக்கு முன்பும் ஒருமுறை இப்படித்தான் சொல்லாமல் போனான். பழனியிலிருந்து மொட்டைத் தலையோடு திரும்பி வந்தான். அம்மா அந்த மொட்டைத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நவம்பர் 12

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அழைத்தார்கள். போன மாத மழையில் ஒரு கண்மாய்க் கரையில் ஆண் உடல் ஒதுங்கியதாம். முகம் தெரியவில்லை. யாரும் கேட்டு வராததால் அந்த ஊர்ச் சுடுகாட்டிலேயே புதைத்துவிட்டார்கள். சோதனைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார்களாம். சட்டையின் படத்தை என் போனுக்கு அனுப்பினார்கள்.

மயில்கழுத்து நிறம். காலரின் உட்புறம் சின்னச் சின்ன வெள்ளைப் பூ.

அண்ணன் மகனுக்குக் காது குத்தியபோது பங்காளி, மாமன் மச்சான் எல்லாருக்கும் ஒரே துணியில் எடுத்துத் தைத்த சட்டை. அண்ணனோடு சேர்த்துப் பதினான்கு பேர். ஒரே நிறத்தில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் மட்டும் ஒரு தலை உயரமாகத் தெரியும் அந்தப் படம் இன்னும் கூடத்துச் சுவரில் தொங்குகிறது.

அண்ணனுடையது பீரோவில் இல்லை. அன்று இருட்டில் எதை மாட்டிக்கொண்டு போனான் என்று அண்ணி பார்க்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், அப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறாள்.

அம்மா போனில் வந்த படத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரமெல்லாம் பார்க்கவில்லை.

"இந்தச் சட்ட அம்புட்டுப் பேருட்டயும் இருக்கு" என்றாள்.

நவம்பர் 13

யோசேப்பின் அண்ணன்மார் அவனை விற்றுவிடுகிறார்கள். அப்பா ஆசையாகக் கொடுத்த அங்கியை ஆட்டு ரத்தத்தில் நனைத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இது உங்கள் மகனுடையதா, பாருங்கள் என்கிறார்கள். அவன் செத்துவிட்டான் என்று யாரும் சொல்லவில்லை. துணியை நீட்டுவதோடு சரி. மீதியைக் கிழவனே சொல்லிக்கொள்கிறான். தன் உடையைக் கிழித்துக்கொண்டு சாக்கை உடுத்துகிறான்.

இந்த இடத்தைப் பற்றி என்னிடம் நாற்பது பக்கக் குறிப்பு இருக்கிறது. இப்போது அதைத் தொட முடியவில்லை.

நவம்பர் 15

தாயின் ரத்தத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் உறுதியாகச் சொல்லிவிடலாம் என்கிறார்கள். அல்லது பிள்ளையுடையது. நான் தருகிறேன் என்றேன், அது அவ்வளவு தெளிவாக இருக்காதாம்.

அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். "உசுரோட இருக்கவனுக்கு எதுக்கு ரத்தம்?"

அண்ணியிடம் கேட்டேன். "அத்தை சம்மதிக்காம பிள்ளையக் கொண்டுபோய் ஊசி குத்த மாட்டேன் பவா. நாளைக்கு அவுக வந்து நின்னா, என்னைய உசுரோட பொதைக்கப் பாத்தியான்னு கேப்பாக."

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். "வரலைன்னா, நான் யாருன்னு யாராச்சும் சொல்லுங்க. தெனமும் காலைல பூ வாங்கும்போது பூக்காரம்மா என்னையப் பாக்குற பார்வை இருக்கே."

அண்ணி ரோகிணிக்கு என்னைவிட ஒரு வயதுதான் கூட.

நவம்பர் 17

அம்மா சிம்மக்கல் போகணும் என்றாள். துணி எடுத்த மொத்தக் கடைக்கு.

கடைக்காரர் பரீத் பாய்க்கு நினைவிருந்தது. "வாங்கம்மா, காதுகுத்துப் பார்ட்டி! பேரன் எப்படி இருக்கான்?"

"இந்தத் துணிய வேற யாருக்கும் குடுத்தீகளா பாய்?"

"இல்லம்மா. உங்க மகன் சாம்பிள் புத்தகத்துல பாத்து இதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. உங்களுக்குன்னே வரவழைச்சது. பேரம் பேசியே என் உசுர எடுத்தாரு தம்பி. எங்க, ஆளையே காணோம்?"

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் எதையாவது சொல்லியிருக்க வேண்டும். அவருக்கே புரிந்துவிட்டது போல. கல்லாவை விட்டு இறங்கி வந்து அம்மாவுக்கு ஸ்டூல் போட்டார். டீ சொன்னார். அம்மா குடித்தாள்.

வெளியே வந்ததும், "எல்லாப் பயலுகளையும் சட்டைய எடுத்துட்டு வரச் சொல்லு" என்றாள்.

நவம்பர் 20

வந்தார்கள். எல்லாருமே. சித்தப்பா சிவனாண்டி முதலில் வந்து சட்டையைப் பாயில் விரித்தார். பிறகு ஒவ்வொருவராக. சிலது துவைத்து மடித்தது, சிலது வியர்வையோடு. ஒன்றில் பெயின்ட் கறை. அம்மா ஒவ்வொன்றின் காலரையும் திருப்பிப் பூவைப் பார்த்தாள்.

பாண்டிராஜ் அத்தான் சட்டையைப் பார்த்து யாரோ, "மாப்ள, இது சட்டையா சாமியானாவா?" என்றார்கள். "ஒங்க ஊட்டுக் கல்யாணத்துக்குப் பந்தலுக்கு ஆகும்னுதான் வச்சிருக்கேன்" என்றார் அவர். சிரித்துவிட்டார்கள். அம்மாவும் சிரித்தாள். அப்புறம் எல்லாருக்கும் வெட்கமாகிவிட்டது.

பாயில் மயில்கழுத்து நிறம் நிரம்பிக்கொண்டே வந்தது. எல்லாம் வந்து சேர்ந்துவிட்டால் கண்மாயில் கிடந்தது யார் என்பதில் சந்தேகம் இருக்காது. அது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். சட்டையை வைத்தவர்கள் கையைத் துடைத்துக்கொண்டார்கள்.

கடைசியில் சித்தப்பா மகன் முத்துப்பாண்டி மட்டும் நின்றான். வெறுங்கை.

"என் சட்ட இல்ல பெரியம்மா. செங்கல் சூளைல வேல பாத்த வடக்கத்திப் பையன் ஒருத்தன் குளுருதுன்னான். குடுத்துட்டேன். அவனும் இப்ப இங்க இல்ல."

அம்மா ஒரு மூச்சு விட்டாள். அப்படி ஒரு மூச்சை நான் கேட்டதில்லை.

"பாவம்" என்றாள். "எந்த ஊருப் பிள்ளையோ. அவுக ஆத்தாளுக்குத் தெரியுமோ என்னமோ."

நவம்பர் 23

அம்மா சாப்பிடுகிறாள்.

நவம்பர் 28

விளக்கேற்றும்போது அந்தப் பையனுக்காகவும் கும்பிடுகிறாள். பெயர் தெரியாததால் "சூளைப் பிள்ளை" என்கிறாள். அவன் அம்மாவுக்கு எழுத வழியில்லையா என்று என்னிடம் கேட்டாள். எந்த மாநிலம் என்று தெரியாமல் எப்படி எழுதுவது அம்மா. "நீ படிச்சவதானே, கண்டுபிடி."

ஆய்வு வழிகாட்டி, இயல் எங்கே என்று கேட்டார். அடுத்த வாரம் என்றேன்.

டிசம்பர் 2

நாகமலை புதுக்கோட்டையில் பஸ் வரவில்லை. முத்துப்பாண்டி பைக்கில் வந்தான், ஏறிக்கொண்டேன். பாதி வழியில் மழை. மழைக்கோட்டு எடுக்க சீட்டைத் தூக்கினான். உள்ளே பாலித்தீன் பைக்குள் மடித்த துணி.

மயில்கழுத்து.

அவன் மூடப் பார்த்தான். நான் கையை வைத்துவிட்டேன். இரண்டு பேரும் மழையில் நின்றோம்.

"பெரியம்மாட்டச் சொல்லிறாதக்கா."

"சூளைப் பையன்?"

"அப்படி யாரும் இல்ல." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "கொண்டுவந்தேன்க்கா. வண்டிலதான் இருந்துச்சு. எல்லாரும் வச்சாய்ங்க. பெரியம்மா மொகத்தப் பாத்தேன். நானும் வச்சா அண்ணன நானே கொன்ன மாதிரி ஆயிரும்ல?"

"எரிச்சிருக்கலாமேடா."

"மனசு வரல. அண்ணே எடுத்துக் குடுத்தது."

டிசம்பர் 2, மறுபடியும்

அந்தக் கதையில் அண்ணன்மார் துணியைக் காட்டிப் பொய்யை நம்ப வைத்தார்கள். இங்கே ஒரு தம்பி துணியை மறைத்து உண்மையைத் தள்ளி வைக்கிறான். அங்கே மகன் உயிரோடு இருந்தான், அப்பா அழுதார். இங்கே—

எழுத வேண்டாம்.

அண்ணன் இல்லை. இதை முதல் தடவையாக எழுதுகிறேன். அண்ணன் இல்லை.

டிசம்பர் 5

சொல்லலாமா? யாரிடம்? அம்மா இப்போதுதான் இரண்டு இட்லி சேர்த்துச் சாப்பிடுகிறாள். அவளுடைய ஒவ்வொரு இட்லிக்கும் இல்லாத ஒருவனைச் சாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இல்லாத ஒரு தாயை அழவும் வைக்கிறோம்.

டிசம்பர் 6

தாமார் என்று ஒரு பெண். கணவன் இறந்துவிடுகிறான். மாமனார் அவளை, என் கடைசி மகன் வளரும்வரை விதவை உடையிலேயே இரு, காத்திரு என்று அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார். பிறகு மறந்துவிடுகிறார். அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று அந்த வீட்டில் யாருக்கும் நினைவில்லை. ஒருநாள் அவளே அந்த உடையைக் கழற்றுகிறாள். யாரையும் கேட்கவில்லை.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது அண்ணி பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். தலையில் மல்லிகை. சொல்லிவிட்டேன். முத்துப்பாண்டி, சட்டை, சூளை, எல்லாவற்றையும்.

ஊட்டுவதை நிறுத்தவில்லை. கடைசிக் கவளம்வரை ஊட்டி, வாய் துடைத்து, பிள்ளையை விளையாட விட்டாள்.

"அத்தை மொகத்தப் பாத்தீக" என்றாள். "எல்லாரும் அத்தை மொகத்த மட்டுந்தேன் பாத்தீக."

ஆமாம், அப்படித்தான். சட்டைகளை விரித்த அன்று அந்த அறையில் அவளும் இருந்தாள், கதவோரத்தில். நான் எழுதிய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

டிசம்பர் 7

காலையில் பூக்காரம்மா கூப்பிட்டபோது அண்ணி வெளியே போகவில்லை. பூ இல்லாமல், பொட்டு இல்லாமல் அம்மாவுக்குக் காப்பி கொண்டுபோய் வைத்தாள். அம்மா அவள் நெற்றியைப் பார்த்தாள். காப்பி ஆடை படிந்து அப்படியே இருந்தது.

டிசம்பர் 8

நாள் முழுவதும் அம்மா படுத்தே கிடந்தாள்.

டிசம்பர் 9

"அந்தப் பிள்ளைக்கு ஒரு கோடி எடுக்கணும்" என்றாள். செத்தவர் மேல் போடுகிற புதுத் துணி. உறவுக்காரர்கள் கொண்டுவந்து போடுவது. "ஒருத்தர்கூடப் போடாம மண்ணப் போட்டு மூடிட்டாய்ங்க."

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள். கடையில் நாலு முழ வேட்டியை எடுத்துப் போட்டார்கள். அம்மா தள்ளிவிட்டாள்.

"எட்டு முழம் எடு. நாலு முழம் பத்தாது. ஒசரமான பய."

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எபிரேயக் கதையில் அன்னாள் தன் பிள்ளையைக் கோயிலுக்குக் கொடுத்துவிடுகிறாள். வருடத்துக்கு ஒருமுறைதான் போய்ப் பார்க்கிறாள். ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன அங்கி தைத்து எடுத்துப்போகிறாள். கண்ணால் பார்க்காமல் அவன் வளர்ந்திருக்கும் உயரத்தை எப்படிக் கணக்குப் போட்டாள் என்று ஓர் அடிக்குறிப்பில் கேட்டிருந்தேன். அசட்டுக் கேள்வி.

டிசம்பர் 11

அந்த ஊர்ச் சுடுகாடு. கருவேலம் சூழ்ந்த மேடு. அங்கே காவலிருப்பவர் ஓரத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். எண் எழுதிய சின்னக் கல். மழையில் மண் இறங்கியிருந்தது.

அம்மா, அண்ணி, நான், முத்துப்பாண்டி. பிள்ளையை சித்தியிடம் விட்டு வந்திருந்தோம். அம்மா பையிலிருந்து வேட்டியை எடுத்தாள். மடிப்பை உதறினாள். புதுத் துணியின் கஞ்சி வாசனை. தானே போடுவாள் என்று நினைத்தேன்.

முத்துப்பாண்டியிடம் நீட்டினாள்.

"நான் எதுக்குப் பெரியம்மா? நீங்களே—"

"அண்ணனுக்குத் தம்பிதானேடா போடணும்."

அவன் வாங்கவில்லை. அம்மாவின் கை நீட்டியபடியே நின்றது. பிறகு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான், சின்னப் பிள்ளை மாதிரி. "பெரியம்மா, பெரியம்மா" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

"எந்திரி" என்றாள் அம்மா. "நீ எனக்காகச் சொன்ன. எனக்கும் அது வேண்டியிருந்துச்சு. போதும்டா. இவ எம்புட்டு நாளைக்கு இப்படி நிப்பா?"

அண்ணியின் கையைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை.

முத்துப்பாண்டி எழுந்து வேட்டியை விரித்தான். காற்று ஒரு முனையைத் தூக்கியது. அண்ணி குனிந்து அதை மண்ணோடு சேர்த்து அழுத்தினாள். அப்போதுதான் அழுதாள். அம்மாவும். நான் அவர்கள் இரண்டு பேருக்கும் பின்னால் நின்றுகொண்டு... என்ன செய்வேன் நான். அண்ணே. அண்ணே.

டிசம்பர் 13

ஆஸ்பத்திரியில் அம்மா ரத்தம் கொடுத்தாள். நர்ஸ், "வலிக்குதாம்மா?" என்றாள். இல்லை என்று தலையசைத்தாள். முடிவு வர நாளாகுமாம். அம்மா அவசரம் காட்டவில்லை.

டிசம்பர் 16

நான்கு நாளாக ஆய்வேட்டுக்காக எதுவும் எழுதவில்லை. துக்கத்தில் உடையைக் கிழிக்கிறவர்கள் பிறகு அந்த உடையை என்ன செய்தார்கள்? தைத்துப் போட்டுக்கொண்டார்களா? நான் தேடிய இடங்களில் பதில் இல்லை. கிழிக்கிற இடம்வரைதான் எழுதியிருக்கிறது. அதற்கு மறுநாள் காலையில் அவர்கள் ஏதோ ஒன்றை உடுத்தித்தானே வெளியே போயிருப்பார்கள்.

டிசம்பர் 19

அண்ணி நாளை பிள்ளையோடு தன் அப்பா வீட்டுக்குப் போகிறாள். கொஞ்ச நாள். அல்லது நிறைய நாள். அதை இன்னும் யாரும் பேசவில்லை. அவள் அப்பா வெள்ளையில் ஒரு சேலை எடுத்து அனுப்பியிருந்தார். அம்மா அதைப் பிரித்துப் பார்த்து, மறுபடி மடித்து, வந்த ஆளிடமே கொடுத்துவிட்டாள். "எங்க வீட்டுப் பிள்ளைக்கு எங்ககிட்டத் துணி இருக்குன்னு சொல்லுங்க" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

பிறகு பீரோவைத் திறந்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள்.

அண்ணி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அரக்கு நிறத்தில் ஒரு பருத்திச் சேலையை எடுத்தாள். பீரோவின் அடியில் கிடந்து கசங்கியிருந்தது.

வாங்கி, தண்ணீர் தெளித்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.