பேனரில் வெட்டப்பட்ட சைக்கிள்

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோடு ஓரமாக உன் முகத்தைப் பேனரில் கட்டியிருக்கிறார்கள். நேற்று சாயந்திரம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியபோதுதான் பார்த்தேன். புது பேனரின் வாடை இன்னும் போகவில்லை. 'எங்கள் கிளப்பின் வீரமங்கைக்கு நினைவு சைக்கிள் பந்தயம்' என்று எழுதி, கீழே கிளப் தலைவர் கைகூப்பி நிற்கிறார். உன் முகத்தைவிட அவர் முகம் பெரிது.

அந்தப் படம் நெமிலியில் நான் எடுத்தது. உன் டைம் ட்ரையல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். உன்னைக் கழுத்தோடு வெட்டி, சைக்கிளைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். அவர்கள் கண்ணுக்கு அது அசிங்கம். உயிரோடு இருந்தபோது உன்னையும் அப்படித்தான் பார்த்தார்கள். செத்த பிறகு முகம் மட்டும் உபயோகப்படுகிறது.

நீ குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டுப் பெண். ஆம்பூர் ஷூ கம்பெனியில் நீ தையல் லைன், நான் அதே லைனில் செக்கிங். எனக்கு அண்ணன் துபாயிலிருந்து பணம் அனுப்பிப் புது சைக்கிள் வாங்கிக்கொடுத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்போடு அதை ஓட்டியதைவிட அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டதுதான் அதிகம். உனக்கு வேகம் வேண்டும். குனிந்து, முழங்கையை ஊன்றி, கடிகாரத்தை மட்டும் எதிரியாக வைத்துத் தனியாக ஓட்டுகிற டைம் ட்ரையல் பந்தயம்தான் வேண்டும். பெங்களூரில் யாரோ கழித்துக்கட்டிய பழைய அலுமினிய பிரேம் ஒன்றை வாங்கி வந்தாய். சக்கரம் இருந்தது, பின்னால் ஒன்பது பல்சக்கரம் இருந்தது. செயின் இல்லை, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளுகிற டீரெய்லர் இல்லை, கியர் மாற்றுகிற லீவரும் இல்லை.

நான்தான் உன்னைத் தலைவரின் சைக்கிள் கடைக்குக் கூட்டிப்போனேன். கிளப்பும் அவருடையது, கடையும் அவருடையது. சைக்கிளைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார்.

"இது எந்தக் காலத்து சரக்குமா? ஒன்பது கியருக்கு இப்ப எவனும் பார்ட்ஸ் பண்றதில்ல. மொத்தமா மாத்திடு."

அது பொய். பொய் என்று அவருக்கே தெரியாது, அதுதான் இன்னும் கேவலம். கடை நடத்துகிற மனிதருக்கு, ஒன்பதுக்கு எது சேரும், பன்னிரண்டுக்கு எது சேரும், எந்த லீவர் கம்பியை எவ்வளவு இழுக்கும் என்பது எதுவும் தெரியாது. விலைச்சீட்டு மட்டும் மனப்பாடம். நீயோ சாப்பாட்டு நேரத்தில் போனை டிபன் டப்பாவில் சாய்த்து வைத்து அதையெல்லாம் ஒரு வாரமாகப் படித்திருந்தாய்.

அவருடைய கண்ணாடி அலமாரியில் பழைய லீவர் ஒன்று இருந்தது. க்ளிக் இல்லாத ரகம். க்ளிக் இல்லை என்றால் எத்தனை கியராக இருந்தாலும் ஒத்துக்கொள்ளும், கைதான் இடம் பார்த்து நிறுத்த வேண்டும். நீ அதைக் காட்டிக் கேட்டாய்.

"சார், அத வெலைக்கு குடுப்பீங்களா?"

"அது ஷோவுக்குமா. இந்தக் குப்பையில மாட்டுனா லீவரே அழுவும்."

சுற்றி நின்ற கிளப் ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த ஞாயிறும் அவர்களோடு நிற்க வேண்டும் என்பதற்காகச் சிரித்தேன். திரும்பும்போது பஸ்ஸில் நீ பள்ளிகொண்டா வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாய். அப்புறம் திரும்பிச் சொன்னாய்:

"உனுக்கு சிரிப்பு வரல. எனுக்குத் தெரியும். வராத சிரிப்ப சிரிக்காதடி, மூஞ்சி கோணுது."

அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் உன் டப்பாவிலிருந்து வழக்கம்போல எனக்கு எடுத்து வைத்தாய்.

அதற்குப் பிறகு ஆம்பூரில் ஒரு பாயின் பழைய இரும்புக் கடைதான் நமக்குக் கதி. சூப்பர்வைசரிடம் கேட்டு, தோல் தடிமன் பார்க்கிற கேஜைக் கொண்டுவந்து, குவியலில் கிடந்த செயின்களின் அகலத்தை ஒவ்வொன்றாக அளந்தாய்.

"இன்னாம்மா, தோல் அளக்குறதுல செயின அளக்குற? பேஜாரு புடிச்ச வேல."

"ஆறு புள்ளி ஆறு மில்லிமீட்டர் வரணும் பாய். ஜாஸ்தியும் வேணாம், கம்மியும் வேணாம்."

மூன்றாவது முறை போனபோது கிடைத்தது. டீரெய்லர், நசுங்கிப்போன ஒரு மலை சைக்கிளிலிருந்து வந்தது. மலை சைக்கிள் சாமான் ரேஸ் சைக்கிளுக்கு ஆகாது என்று கிளப்பில் சத்தியம் செய்தார்கள். அந்தக் காலத்து ஒன்பது கியரில் இரண்டுக்கும் கம்பி இழுப்பு ஒன்றுதான். நீ மாட்டிக் காட்டினாய், ஓடியது. லீவர், துருப்பிடித்த பழைய கியர் சைக்கிள் ஒன்றின் கட்டைவிரல் லீவர். அதற்கும் க்ளிக் இல்லை. முழங்கை ஊன்றுகிற நீட்டுக் கைப்பிடியின் நுனியில் அதை இறுக்கினாய். எட்டாவது சக்கரம் வரை செயின் ஏறியது. கடைசியான பெரிய சக்கரத்துக்கு லீவர் எட்டவில்லை.

"அது ஏத்தத்துக்குடி. நெமிலில ஏத்தம் எங்கக்குது?"

நெமிலிப் பக்கம் வயல்களுக்கு நடுவே போகிற நேர் ரோட்டில் இருபது கிலோமீட்டர் பந்தயம். ஆள் குறைவு என்பதால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பட்டியல். ஒவ்வொருவராக விட்டார்கள். தலைவர் கார்பன் சைக்கிளில், நீளமான ஹெல்மெட்டோடு உனக்கு இரண்டு நிமிஷம் முன்னால் கிளம்பினார். நான் முடிகிற இடத்தில் நின்றிருந்தேன். அவர் வந்தார். பெடலிலிருந்து காலை எடுப்பதற்குள் பின்னாலேயே நீ வந்து கோட்டைத் தாண்டினாய். இரண்டு நிமிஷத்தையும் ரோட்டிலேயே தின்றுவிட்டிருந்தாய்.

"காத்து மாறிடுச்சி," என்றார் அவர். வயலில் நாற்று அசையவில்லை.

எனக்கு அங்கேயே கத்த வேண்டும் போல் இருந்தது. அவர் காதில் விழுகிற மாதிரி ஏதாவது சொல்லு என்று உன்னை உசுப்பிவிட்டேன். நீ மூச்சு வாங்கிக்கொண்டே பின்சக்கரத்தின் பக்கம் குனிந்தாய்.

"அவர உடு. நாலாவதுல சத்தம் வருது, கேட்டியா?"

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காய்ச்சல் என்று போனாய், ரத்தத்திலேயே கோளாறு என்றார்கள். நாலு மாதம். லைனில் இருந்த பெண்கள் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். பாய்கூட ஒரு நாள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, என்ன பேசுவது என்று தெரியாமல் செயின் பற்றியே பேசிவிட்டுப் போனார். தலைவர் வரவில்லை. கிளப்பிலிருந்து ஒருவரும் வரவில்லை. சைக்கிளை நீ என்னிடம் கொடுத்தபோது, அழாமல் வாங்கிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. உனக்கு என் அழுகையைவிட லீவரின் திருகை வாரம் ஒருமுறை இறுக்குவேனா என்பதுதான் கவலை.

நேற்று பேனரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். தலைவரே போன் செய்தார்.

"ஞாயித்துக்கிழம அந்த சைக்கிள மேடையில வெக்கணும்மா. பழைய பார்ட்ஸ்லாம் கழட்டிப் போட்டுட்டு, நம்ம கடையிலருந்தே புதுசா மாட்டி, பளபளன்னு பண்ணிடலாம்."

"புதுசு எதுவும் அதுல சேராது சார். டெய்லி நான் ஓட்டுறேன், குடுக்க மாட்டேன்."

"எமோஷனலா பேசாதம்மா. கிளப்புக்குத்தான் கேக்குறேன்."

"நெமிலில அவகிட்ட ரெண்டு நிமிஷம் தோத்தீங்களே சார், அதையும் மேடையில சொல்லுவீங்களா?"

போனை வைத்துவிட்டார். சொல்லிவிட்டோம் என்று ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. உன் வேகத்தை எடுத்து என் சண்டைக்குப் பயன்படுத்திவிட்டேன். நீ இருந்திருந்தால், "அவர உடு" என்றுதான் சொல்லியிருப்பாய்.

உன்னிடம் நான் கற்றுக்கொள்ளாதது அது ஒன்றுதான். செயினை அளக்கப் பழகிவிட்டேன், சத்தத்தை வைத்துக் கியரை நிறுத்தப் பழகிவிட்டேன். மனிதர்களை விட்டுவிட மட்டும் எனக்கு வரவில்லை. எனக்குள் இருக்கிற இளக்காரம் நாளுக்கு நாள் ஊறிக்கொண்டே இருக்கிறது. அதில் பாதி தலைவருக்கு. மீதிப் பாதி, அன்றைக்கு அவர் கடையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற எனக்கு. அவருடைய பாதி என்றைக்காவது கரைந்து போகும், அவர் அதற்குக்கூடத் தகுதியில்லாதவர். என்னுடையதை நான் வைத்துக்கொள்கிறேன்.