நாற்பத்து மூன்றாம் வருடத்துச் செம்புக் காசு

வீலிங்
அக்டோபர் 1952

அன்பு மகள் லொரெட்டாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம், மனதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். அந்த அலாஸ்காக் குளிரில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் ஜெபிக்கிறேன். தக்காளியைப் புட்டிகளில் அடைத்து வைத்திருக்கிறேன், கொடுத்தனுப்பத்தான் ஆளில்லை. குழந்தையின் காதை மூடாமல் வெளியே தூக்காதே.

உன் தம்பி ராய்ஸின் சாமான்களை ராணுவத்தார் கொரியாவிலிருந்து அனுப்பியதை முன்பே எழுதினேன். சவரக்கத்தி, சீப்பு, பர்ஸ். பர்ஸைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை, போன மாதம் அப்பாதான் திறந்தார். உள்ளே ஒரு செம்புக் காசு, ஒரு சென்ட், 1943 என்று போட்டிருந்தது. உனக்குத் தெரியாததா, சண்டைக்குச் செம்பு வேண்டும் என்று அந்த வருடம் சென்டையெல்லாம் இரும்பில் அடித்தார்கள். இயந்திரத்தில் தங்கிப்போன பழைய செம்புத் தகடு சில தப்பித்தவறிக் காசாகி வெளியே வந்துவிட்டதாகவும் அதற்குப் பெரிய விலை என்றும் பேப்பரில் போட்டதிலிருந்து, அப்பா பஸ் ஓட்டிவிட்டு வந்து சில்லறையைக் கவிழ்த்துத் தேடாத நாளில்லை. ராய்ஸ்கூடக் கேலி செய்வானே, "ஏம்ப்பா கண்ணக் கெடுத்துக்கிற, உன் ராசிக்குச் செல்லாக்காசுதான் வரும்" என்று. அந்தக் காசு அவன் பர்ஸிலேயே இருந்தால் அப்பாவுக்கு எப்படி இருக்கும் சொல். செம்பு முலாம் பூசிய இரும்போ என்று காந்தத்தை வைத்துப் பார்த்தார், ஒட்டவில்லை. "ஆல்மா, புள்ள எனக்காகத் தேடி வச்சிருக்கான்டி" என்று சமையலறையில் நின்றபடியே அழுதார். அவன் போன செய்தி வந்தபோதுகூட அழாத மனிதர்.

விற்க வேண்டாம் என்றேன். "யாரு விக்கிறா, நெசந்தானான்னு கேட்டுட்டு வந்துடறேன்" என்று பிட்ஸ்பர்கில் ஒரு பழங்காசு வியாபாரியிடம் போனார். திரும்பி வந்தவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். அந்த ஆள் பூதக்கண்ணாடியில் பார்த்து, இது 1948-ல் அடித்த சாதாரணக் காசு, எட்டின் இடது பக்கத்தை யாரோ அராவி மூன்றாக்கியிருக்கிறார்கள் என்றாராம். "எந்தத் திருட்டுப்பய உங்க தலையில கட்டினான்? பேரச் சொல்லுங்க, போலீஸ்ல குடுத்துரலாம்" என்றாராம். ராய்ஸ் கடிகாரக் கடையில் வேலை கற்றவன், அப்படி அராவ வேறு யாருக்குக் கை வரும்? அப்பாவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. திருட்டுப்பயல் என்று சொன்ன ஆளிடம் பெற்ற பிள்ளையின் பெயரை எப்படிச் சொல்வார்? பஸ்ஸில் யாரோ கொடுத்தது என்று சொல்லிவிட்டு, காசைத் திருப்பிக் கேட்கவும் வாய் வராமல் வந்துவிட்டார். அதற்குப் பிறகு சரியான சாப்பாடில்லை, தூக்கமில்லை. ஒருநாள் என்னிடமே கேட்டார், "வெளையாட்டுக்குச் செஞ்சானா, இல்ல யாரையாவது ஏமாத்தப் பாத்தானா?" என்று. எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த உருளைக்கிழங்குச் சட்டியைத் தரையில் போட்டேன். ஆனால் அதே சந்தேகம் எனக்கும் இருக்கிறது, லொரெட்டா.

புதன்கிழமை அப்பாவிடம் சொல்லாமல் நானே அந்தக் கடைக்குப் போனேன். "அத செஞ்சது எம்புள்ள. கொரியாவுல செத்துப்போனான். கேஸ் போடணும்னா அவன் மேல போட்டுக்கங்க, காசக் குடுங்க" என்றேன். கடையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். அந்த ஆள் இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். வேறு யாரும் ஏமாறக்கூடாது என்று வருடத்தின் மேல் உளியால் வெட்டியிருந்தார். இப்போது அதில் எட்டும் இல்லை, மூன்றும் இல்லை. "தெரியாமப் பண்ணிட்டேம்மா" என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அப்பா அதை வாங்கி வெட்டுப்பட்ட இடத்தைக் கட்டைவிரலால் வெகுநேரம் தடவினார். "நல்லாத்தான்டி செஞ்சிருந்தான். இத்தன வருஷம் காசு பாத்தவன், நானே ஏமாந்துட்டேனே" என்றார். பிறகு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். அவர் மனம் ஆறிவிட்டது என்று நான் பொய் எழுதமாட்டேன்.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும், குழந்தைக்கு என் முத்தம். மறக்காமல் ஒன்று செய். அப்பா பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, காசைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். சின்ன வயதில் ராய்ஸ் விளையாட்டாக உன்னை ஏமாற்றியதையெல்லாம் எழுது, ஒன்றைக்கூட விடாதே.

உன் பிரியமுள்ள அம்மா,
ஆல்மா